சும்மா கிடக்கும் இரண்டு சேனல்களை வைத்து முன் ஸ்பீக்கர்களை பை-ஆம்ப் செய்யலாமா?

கேள்வி

வணக்கம். ஒரு வாரமாக இதே யோசனைதான், முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது 7.2 சேனல் ஏவி ரிசீவர், அதாவது ஏழு ஸ்பீக்கர்களையும் இரண்டு சப்வூஃபர்களையும் இணைக்கக்கூடிய பெட்டி. ஆனால் நான் ஓட்டுவது 5.1 மட்டுமே. முன்னால் இரண்டு டவர், நடுவில் டிவிக்குக் கீழே சென்டர், பக்கவாட்டில் இரண்டு சிறிய சரவுண்ட், ஒரு சப்வூஃபர். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடப்பதால் அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க வழியில்லை. ஆக, இரண்டு சேனல்கள் வாங்கிய நாளிலிருந்து வேலையில்லாமல் கிடக்கின்றன.

டவர்களின் பின்னால் வயர் மாட்டும் நான்கு டெர்மினல்கள் இருக்கின்றன. மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் ஒரு உலோகத் தகடு இணைக்கிறது. ரிசீவர் மெனுவில் ஆம்ப் அசைன் என்கிற இடத்தில் பை-ஆம்ப் (ஒரே ஸ்பீக்கரின் மேல் ஜோடிக்கும் கீழ் ஜோடிக்கும் தனித்தனி ஆம்ப், அதாவது ஒலிபெருக்கும் சேனல், கொடுப்பது) என்று ஒரு தேர்வும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இப்படிச் செய்யச் சொல்லித்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

என் பிரச்சினை இதுதான். சண்டைக் காட்சிகளில் சத்தம் கூடும்போது ஒலி கடுமையாகி காதைக் குத்துகிறது, அதே நேரம் வசனம் அமுங்கிப் போகிறது. வசனத்துக்காக வால்யூமை ஏற்றினால் அடுத்த காட்சியில் வீடே அதிர்கிறது. ஆம்ப்புக்குச் சக்தி போதவில்லை என்று நினைக்கிறேன். ரிசீவர் 8 ஓமில் சேனலுக்கு 100 வாட், ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டி 88 டெசிபல், நான் உட்காருவது 3 மீட்டர் தூரத்தில். பை-ஆம்ப் செய்தால் ஒவ்வொரு டவருக்கும் 200 வாட் கிடைக்குமா? ஸ்பீக்கருக்கோ ரிசீவருக்கோ ஆபத்து உண்டா? கூடுதல் வயர் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில் 1

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். பை-ஆம்ப் செய்வதாக இருந்தால் அந்த உலோகத் தகடுகளைக் கட்டாயம் கழற்ற வேண்டும், நேர்முனையிலும் எதிர்முனையிலும். கழற்றாமல் இரண்டு ஜோடி வயரையும் இணைத்தால் இரண்டு ஆம்ப்களின் வெளியீடுகள் ஒன்றோடொன்று நேரடியாக முட்டிக்கொள்ளும். ரிசீவர் புரொடெக்‌ஷன் மோடுக்குப் போனால் (தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே அணைந்தால்) பிழைத்தீர்கள், போகாவிட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரியலாம். ரிசீவரை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிட்டுத்தான் இந்த வேலையில் கை வைக்க வேண்டும்.

நான் இதைச் செய்து பார்த்தவன். ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற செட்டப்தான். செய்த அன்று இடது ஸ்பீக்கர் பளிச்சென்று திறந்துகொண்டது போல இருந்தது. உயர் ஸ்வரங்கள் தெளிவாக வந்தன, பாடகரின் குரல் நடுவில் வந்து நின்றது. எல்லாரிடமும் பை-ஆம்ப் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில மாதங்கள் கழித்து ரிசீவரை வேறு அறைக்கு மாற்றும்போது தகடுகளைத் திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், இடது பக்கத் தகடு ஒன்று கறுத்துப்போய், திருகு சரியாகப் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பை-ஆம்ப் செய்வதற்கு முன்புவரை அந்த ஸ்பீக்கரின் ட்வீட்டருக்கு (உயர் ஸ்வரங்களை ஒலிக்கும் சிறிய பகுதிக்கு) மின்சாரம் அரைகுறையாகத்தான் போயிருக்கிறது. தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்கி மாட்டி, பழையபடி ஒரே ஜோடி வயரில் ஓட்டினேன். பை-ஆம்பில் கேட்ட அதே தெளிவு அப்படியே இருந்தது.

எனவே வயர் வாங்குவதற்கு முன்னால் அந்த நான்கு டெர்மினல்களையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பதில் 2

200 வாட் கிடைக்காது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

8 ஓமில் 100 வாட் என்றால், அந்த ஆம்ப் சுமார் 28 வோல்ட் வரை சுத்தமாகத் தர முடியும் என்று பொருள். அதைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்படும், அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். இப்போது பை-ஆம்ப் செய்கிறீர்கள். ரிசீவர் இரண்டு ஆம்ப்களுக்கும் அனுப்புவது ஒரே முழு சிக்னல். ட்வீட்டர் ஆம்ப்புக்கு உயர் அதிர்வெண் மட்டும், வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய பகுதி) ஆம்ப்புக்கு பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி, மட்டும் என்று பிரித்து அனுப்புவதில்லை. பிரிப்பது ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர், அதாவது ஆம்ப்பைத் தாண்டிய பிறகு. பெரிய பேஸ் அலை ஒன்று வந்தால் வூஃபர் ஆம்ப்பும் 28 வோல்ட்டைத் தொடும், ட்வீட்டர் ஆம்ப்பும் அதே கணத்தில் அதே 28 வோல்ட்டைத் தொடும், ட்வீட்டருக்கு அந்த பேஸ் தேவையே இல்லாவிட்டாலும். வோல்ட்டேஜ் உச்சவரம்பு மாறவில்லை, ஆக ஸ்பீக்கர் போடக்கூடிய அதிகபட்ச சத்தமும் மாறவில்லை.

மாறுவது மின்னோட்டம் மட்டும். ஒரே ஆம்ப் சுமந்த மின்னோட்டம் இப்போது இரண்டாகப் பிரிகிறது. ஆனால் அதுவும் சமமாகப் பிரிவதில்லை. இசையிலும் படத்திலும் ஆற்றலின் பெரும்பகுதி கீழ் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. கிராஸ்ஓவர் 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் வூஃபர் பக்க ஆம்ப் ஏறக்குறைய பழைய சுமையையே சுமக்கும், ட்வீட்டர் பக்கம் இருப்பது பெரும்பாலும் சும்மா இருக்கும். அதைவிட முக்கியம், ரிசீவருக்குள் இருக்கும் எல்லாச் சேனல்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் ஒரே கெப்பாசிட்டர்களிலிருந்தும்தான் மின்சாரம் எடுக்கின்றன. ஒரே தொட்டியில் இன்னும் இரண்டு குழாய் வைப்பதால் தண்ணீர் கூடுவதில்லை.

சரி, ஏதோ ஒரு மாயத்தில் 200 வாட்டே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சக்தி இருமடங்கானால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. படம் பார்க்கும்போது வால்யூம் எங்கே நிற்கிறது? மைக் வைத்து ஆட்டோ கேலிபரேஷன் (ரிசீவர் தானே அளந்து அமைத்துக்கொள்வது) செய்தீர்களா? முன் டவர்களை மெனுவில் லார்ஜ் (முழு பேஸும் டவருக்கே) என்று வைத்திருக்கிறீர்களா, ஸ்மால் (ஆழமான பேஸ் சப்வூஃபருக்கு) என்றா?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரே தொட்டி என்று சொன்னதும் விஷயம் பிடிபட்டது. வால்யூம் வழக்கமாக -15, அதைத் தாண்டி எப்போதாவது -12. கேலிபரேஷன் செய்தேன், முடிந்ததும் அது தானாகவே டவர்களை லார்ஜ் என்று வைத்தது, பெரிய ஸ்பீக்கர்தானே என்று நானும் மாற்றவில்லை. சென்டருக்கு கிராஸ்ஓவர் 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. சென்டர் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது.

பதில் 3

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கணக்கு சரியாக இருக்கலாம், ஆனால் அந்தச் சேனல்கள் சும்மாதானே கிடக்கின்றன? செய்து பார்ப்பதற்கு ஆவது இரண்டு துண்டு வயரும் அரைமணி நேரமும்தான். நான் செய்தேன், என் காதுக்கு வித்தியாசம் தெரிந்தது, இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது. நான் ரிசீவரின் உள் ஆம்ப்பை ட்வீட்டருக்கும், ப்ரீ-அவுட் (பெருக்காத சிக்னலை வெளியே தரும் இணைப்பு) வழியாக ஒரு தனி பவர் ஆம்ப்பை வூஃபருக்கும் கொடுத்திருக்கிறேன். பேஸ் நன்றாக இறுகியது, அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுகிறது. தனி ஆம்ப் என்பதால் ஒரே தொட்டி என்கிற பிரச்சினையும் இங்கே இல்லை. யாரோ எழுதியதைப் படித்து முடிவெடுப்பதைவிடத் தானே கேட்டு முடிவெடுப்பதுதான் நல்லது.

பதில் 2

பதில் 3 எழுதிய நண்பருக்கு: தனி ஆம்ப் சேர்த்தது வேறு விஷயம், அதற்கென்று தனி பவர் சப்ளை இருக்கிறது, நீங்கள் சொல்வதில் அந்தப் பகுதி நியாயம். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். இரண்டு ஆம்ப்களின் கெயினும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஒன்றாக இருக்கிறதா? உங்கள் பவர் ஆம்ப்பின் கெயின் ரிசீவரைவிட 2 டெசிபல் கூட இருந்தால், வூஃபர் 2 டெசிபல் கூடுதலாகவும் ட்வீட்டர் பழைய அளவிலும் ஒலிக்கும். ஸ்பீக்கரை வடிவமைத்தவர் பார்த்துப் பார்த்து அமைத்த சமநிலையே மாறிவிடும். பேஸ் இறுகியது போல உங்களுக்குத் தோன்றுவது அந்த 2 டெசிபலாகவே இருக்கலாம். தனி ஆம்ப் கையில் இருக்கும்போது எதற்குப் பிரிக்க வேண்டும், முழு டவரையும் அதற்கே கொடுத்துவிட்டால் ரிசீவர் மற்ற மூன்று சேனல்களை மட்டும் பார்த்துக்கொள்ளும், கெயின் கவலையும் இல்லை. காது கேட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயரை மாற்றி, தகட்டைக் கழற்றி, மெனுவைத் திருத்தி, மறுபடி கேலிபரேஷன் ஓட்டி, அரைமணி கழித்துக் கேட்கும்போது பழைய ஒலி எப்படி இருந்தது என்று மனதில் துல்லியமாக நிற்பதில்லை. அரை டெசிபல் சத்தம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். ரூம் ஈக்யூ விசார்ட் என்கிற இலவச மென்பொருளும் ஒரு அளவு மைக்கும் இருந்தால், முன்பும் பின்பும் அளந்து இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

தனியாக ஆம்ப் வைப்பதற்கு உண்மையான பலன் இருப்பது ஆக்டிவ் பை-ஆம்ப்பில். அங்கே சிக்னல் ஆம்ப்புக்குள் போவதற்கு முன்பே டிஎஸ்பி (சிக்னலைக் கணக்கிட்டு மாற்றும் சிப்) அதை இரண்டாகப் பிரித்துவிடும், ட்வீட்டர் ஆம்ப் பேஸையே பார்க்காது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவரை எடுத்துவிட வேண்டும். அது ஸ்பீக்கரைப் புதிதாக வடிவமைப்பதற்குச் சமம், கடையில் வாங்கிய டவரில் கை வைக்கும் வேலை இல்லை.

இனி கேள்வி கேட்டவருக்கு. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் என்றால் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 88 டெசிபல் கேட்கும். 3 மீட்டருக்கு வரும்போது திறந்தவெளிக் கணக்கில் சுமார் 9.5 டெசிபல் குறையும், ஆக சோபாவில் 78 அல்லது 79. அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும், அதை விட்டுவிடுவோம். கேலிபரேஷன் செய்த ரிசீவரில் 0 என்பது தியேட்டர் ரெஃபரன்ஸ், அதாவது ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். நீங்கள் -15ல் கேட்கிறீர்கள், ஆக உச்சம் 90. 79லிருந்து 90க்கு 11 டெசிபல், அதற்குத் தேவை 12 அல்லது 13 வாட். -12 வைத்தாலும் 25 வாட். உங்களிடம் இருப்பது 100. முன் டவர்களுக்குச் சக்தி பற்றாக்குறை என்று என்னால் நம்ப முடியவில்லை. லார்ஜ் என்று வைத்திருப்பதால் ஆழமான பேஸும் அவற்றின் தலையில் விழுகிறது, அது மட்டும்தான் தேவையில்லாத சுமை. ஸ்மால் என்று மாற்றி, ரிசீவர் மெனுவில் உள்ள கிராஸ்ஓவரை (இது ஸ்பீக்கருக்குள் இருப்பது அல்ல, டவருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே பிரிப்பது) 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளதைத் தனக்கென்று சொந்த ஆம்ப் வைத்திருக்கும் சப்வூஃபர் சுமக்கட்டும். நீங்கள் பை-ஆம்ப்பில் எதிர்பார்த்த நிம்மதி ரிசீவருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே கிடைக்கும். சென்டரையும் 80க்கு ஏற்றுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வசனம் வருவது பெரும்பாலும் சென்டரில். நீங்கள் பை-ஆம்ப் செய்ய நினைப்பது டவர்களை. டவர்களுக்கு எத்தனை வாட் கொட்டினாலும் சென்டரில் அமுங்கிக் கிடக்கும் குரல் எழுந்து வராது, டவர்கள் இன்னும் சத்தமானால் குரல் இன்னும் அமுங்கும்.

பதில் 1

அதேதான். கீழ்த்தட்டில் உள்ளே தள்ளி இருக்கும் சென்டர் முழங்காலைப் பார்த்துப் பேசுகிறது. அதைத் தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்து, முன்பக்கத்துக்குக் கீழே ஏதாவது ரப்பர் துண்டு வைத்து, உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது இருக்கும் உயரத்தை நோக்கி நிமிர்த்துங்கள். தட்டுக்குள் இருக்கும்போது மேலும் கீழும் மோதி வரும் ஒலிதான் குரலைப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல ஆக்குகிறது. பிறகு மெனுவில் சென்டர் லெவலை 2 டெசிபல் கூட்டிப் பாருங்கள்.

சோபாவையும் முடிந்தால் ஒரு முழம் முன்னால் இழுங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் வீங்கும், வீங்கிய பேஸ் வசனத்தை மூடும். காதைக் குத்துவதற்குத் தரையும் ஒரு காரணமாக இருக்கலாம், சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் விரிப்பு ஏதும் இல்லையென்றால் தடிமனாக ஒன்று போட்டுப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் கேலிபரேஷனை மறுபடி ஓட்டுங்கள், ஓடி முடிந்ததும் அது டவர்களைத் திரும்பவும் லார்ஜ் ஆக்கியிருக்கும், அதை ஸ்மாலுக்கு மாற்றவும், சென்டர் லெவலைத் திரும்பக் கூட்டவும் மறக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்தபிறகும் பை-ஆம்ப் ஆசை இருந்தால் செய்து பாருங்கள், தகட்டைக் கழற்றினால் கேடு ஒன்றும் இல்லை. ஒரு ஜோடியில் நேர்முனை, எதிர்முனை மாறிப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மாறினால் கிராஸ்ஓவர் பகுதியில் ஒலி பள்ளமாகும். திரும்பத் தகட்டை மாட்டுவதற்கு முன்னால் மெனுவில் பை-ஆம்ப்பை அணைத்து, கூடுதல் வயரையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூன்று நாள் கழித்து வருகிறேன், நேற்று ஒரு முழுநாள் இதிலேயே போனது.

டெர்மினல்களை இறுக்கிப் பார்த்தேன். வலது டவரில் ஒரு திருகு கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது, ஆனால் அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஸ்மால், 80 ஹெர்ட்ஸ் என்று மாற்றியதும் முதலில் டவர்கள் மெலிந்துவிட்டது போல இருந்தது, மனசு கேட்கவில்லை. பிறகு சப்வூஃபர் லெவலைச் சரிசெய்ததும் அந்தக் குறை போனது, இப்போது சண்டைக் காட்சியில் முன்பு இருந்த கரகரப்பு இல்லை. காதைக் குத்துவது முற்றிலும் போகவில்லை, பாதி குறைந்திருக்கிறது. தரை வெறும் டைல்ஸ்தான், விரிப்பு இனிமேல்தான் போட வேண்டும்.

சென்டர்தான் பெரிய மாற்றம். முன்னால் இழுத்து நிமிர்த்தியபோதே குரல் டிவித் திரையின் உயரத்துக்கு ஏறிவிட்டது. லெவலைக் கூட்டுவதற்கு முன்பே வீட்டில் இருந்தவர்கள் என்ன மாற்றினாய் என்று கேட்டார்கள். 2 டெசிபல் கூட்டியது அதிகமாகப் பட்டது, 1க்கு இறக்கிவிட்டேன். இப்போது -18ல் பார்க்கிறேன், வசனம் புரிகிறது, ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கவில்லை. சோபாவை ஒரு முழம் இழுக்க இடமில்லை, ஒரு சாண் இழுத்தேன்.

பை-ஆம்ப் செய்யவில்லை. அந்த இரண்டு சேனல்களையும் மேலே இரண்டு ஸ்பீக்கர் வைத்து 5.1.2 ஆக்கலாமா என்று இப்போது தோன்றுகிறது. மெனுவில் பார்த்தேன், பை-ஆம்ப் அல்லது ஹைட் (மேலே வைக்கும் ஸ்பீக்கர்), இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. மேற்கூரையில் எந்த இடத்தில் வைப்பது?

பதில் 2

ஹைட்டுக்குக் கொடுங்கள், அந்தச் சேனல்களுக்கு அதுதான் சரியான வேலை. டவர்களுக்கு ஏற்கெனவே கிடைக்கும் அதே சிக்னலை இன்னொரு முறை அனுப்புவதற்குப் பதில், உங்களிடம் இதுவரை இல்லாத இரண்டு திசைகளிலிருந்து ஒலி வரும். இரண்டே ஸ்பீக்கர் என்றால் தலைக்கு நேர் மேலே, அல்லது அங்கிருந்து சற்று முன்னால், இடமும் வலமும் உங்கள் முன் டவர்கள் நிற்கும் அகலத்துக்கு நேராக. சோபா சுவரோரம் இருப்பதால் முன்பக்கமாகவே வையுங்கள். துளை போடுவதற்கு முன்னால் ஸ்பீக்கர்களை ஏணியின் மேல் தற்காலிகமாக வைத்து ஒரு படம் கேட்டுப் பாருங்கள்.